சின்னஞ்சிறு கைகளுக்குச் சில கைப்பணிகள்

"பிள்ளைகளின் கைவேலை" என்றவுடன், நம் விருதுநகர் மாவட்டத்து முதிய அங்கத்தினர்களுக்கு நினைவில் எழுவது தீப்பெட்டியே. திண்ணையில் அமர்ந்து பெட்டி ஒட்டுவதும், சட்டத்தில் குச்சி அடுக்குவதும் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் ஒரு காலத்தில் சிறுவர் சிறுமியரின் அன்றாட அலுவலாயிருந்தன. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில், மழை பொய்த்த கரிசல் பூமிக்குச் சோறிட்டது. அதனை நன்றியோடு கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அத்தொழிலின் பேரேட்டில், எத்தனையோ குழந்தைகளின் பள்ளி நாட்கள் பற்றாக எழுதப்பட்டன என்பதும் உண்மை.

1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசித் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில், 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறாக அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டுமென்று அதில் கட்டளையிட்டது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 14 வயது நிறையாத பிள்ளைகளை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது. பள்ளி நேரம் போக, அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவுவது முதலிய சிலவற்றுக்கு மட்டுமே விலக்குண்டு. தறியுள்ள இல்லங்களில், அந்த விலக்கின் எல்லையைக் காக்க வேண்டிய தணிக்கையாளர் பெற்றோரே.

இதற்கு அஞ்சிக் குழந்தையின் கையில் எதையுமே கொடாமல் கைபேசியை மட்டும் கொடுப்பது, ஒரு பிழையைத் திருத்த மற்றொரு பிழை செய்வதாகும். வேலை எது, விளையாட்டு எது என்று அறிய மூன்று கேள்விகள் போதும். செய்த பொருளுக்கு விலை உண்டா? இத்தனை முடிக்க வேண்டுமென்ற எண்ணிக்கை உண்டா? பாதியில் எழுந்து ஓடப் பிள்ளைக்கு உரிமை உண்டா? முதலிரண்டுக்கும் "இல்லை" என்றும், மூன்றாவதற்கு "உண்டு" என்றும் விடை வருமாயின் அது விளையாட்டு. அத்தகைய மூன்றினை இங்கே கூறுவோம்.

முதலாவது, பனையோலைக் காற்றாடி. விரலகலத்தில் இரண்டு ஓலைத் துண்டுகளை எடுத்துக் குறுக்காகக் கோத்து, நான்கு நுனிகளையும் ஒரே பக்கமாகச் சற்று முறுக்குக. நடுவில் முள்ளைக் குத்திச் சோளத்தட்டையில் செருகுக. முள் குத்துவது பெரியவர் பொறுப்பு. காற்றை எதிர்த்து ஓடுவது குழந்தையின் பொறுப்பு.

இரண்டாவது, குச்சிக் கட்டடம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் பணியாற்றியபோது, தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வு டியூபையும் கொண்டு வடிவங்கள் அமைக்கும் முறையை உருவாக்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மருந்து தோய்க்காத வெறுங்குச்சி நமக்கு அருமையான பொருளன்று. டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் அது மடங்கும் மூட்டாகிவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணமும், நான்கு குச்சிகளால் சதுரமும் செய்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. கூரைச் சட்டங்களை முக்கோணமாக அமைப்பதன் காரணம் பிள்ளைக்குத் தன் விரலாலேயே விளங்கும்.

மூன்றாவது, அட்டைத் தறி. ஐந்து வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஏற்றது. அஞ்சலட்டை அளவுள்ள கெட்டி அட்டையின் மேலும் கீழும் எட்டெட்டு வெட்டுகள் இட்டு, கழிவு நூலைப் பாவாகச் சுற்றுக. வேறு நிற நூலை ஊடையாகக் கொண்டு, ஓர் இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழுமாக நுழைத்துச் செல்க. திரும்பும்போது முறை மாற வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் விளிம்பு உள்வாங்கிவிடும். தகப்பனார் தறியில் ஏன் அத்தனை கவனமாயிருக்கிறார் என்று பிள்ளை உணரும் கணம் அதுவே. ஓர் அங்கத்தினர் இல்லத்தில், கோணலும் மாணலுமாக நெய்த உள்ளங்கையளவு துணியை ஒரு சிறுமி எனக்குக் காட்டி, "இதையும் அளந்து எழுதுங்க, சார்" என்றாள். அதற்கு மட்டும் என் பதிவேட்டில் இடமில்லை என்பதில் மகிழ்ந்தேன்.

சில எச்சரிக்கைகள் அவசியம். மருந்துள்ள குச்சியையோ, பட்டாசுக் கழிவுத் தாளையோ கொடுக்கலாகாது. மூன்று வயதுக்குட்பட்டோர் கைக்கு டியூப் துண்டு, பொத்தான் முதலியவை எட்டலாகாது. நீண்ட நூலைக் கழுத்தில் சுற்றிக்கொள்ள விடலாகாது. ஒட்டுவதற்குச் சோற்றுப் பசையே போதும்.

நவம்பர் 14-ஆம் நாள் குழந்தைகள் தினம். கூட்டுறவு வாரமும் அன்றே தொடங்குகிறது. அன்று ஒவ்வொரு சங்கமும் தன் கூடத்தில் ஒரு மேசையை அங்கத்தினர்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்குமாக. விலைச்சீட்டும் பரிசும் வேண்டா. முந்தைய தலைமுறையின் பிள்ளைகள் எண்ணிக்கைக்காகக் குச்சி அடுக்கிய இம்மாவட்டத்தில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே குச்சியை வைத்து விளையாடி, சலித்தபோது போட்டுவிட்டு ஓடட்டும்.