கடுக்காய் செய்யும் வேலை

சனிக்கிழமைதோறும் நாங்கள் எண்மர் கூடித் தாவரங்களால் துணிக்குச் சாயமேற்றுகிறோம். பருத்தித் துணியில் நிறம் எளிதில் நிலைப்பதில்லை. ஆகவே முதலில் கஞ்சி போகத் துவைத்து, கடுக்காய்த்தூள் கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைப்போம். கடுக்காயின் துவர்ப்பே நிறத்தைத் துணியில் நிறுத்துகிறது. அத்துணியைப் படிகார நீரில் தோய்த்தால் இளமஞ்சளாகும். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத்துடன் பல நாள் ஊறவைத்த நீரில் தோய்த்தாலோ, கண்ணெதிரே கறுத்துவிடும்! (வாடை மட்டும் சகிக்காது.) காளஹஸ்திக் கலம்காரித் துணிகளின் கறுப்பும் இவ்வகையே. சமையல் மஞ்சள் உடனே பற்றும். ஆனால் சோப்புப் பட்டால் சிவக்கும், வெயிலில் வெளுக்கும். எனவே ஆண்டு விழா மேடைத் திரைக்கு மாதுளைத் தோலையே வேகவைத்துச் சாயமெடுக்கப் போகிறோம். திரையோ பெரிது, கையிருப்பு ஒரு கூடைதான். பெற்றோர்களே, மாதுளைத் தோலை எறியாமல் உலர்த்திக் கொடுத்தனுப்புங்கள்.