பட்டிக் கதவும் வாடிவாசலும்

நமது சங்கத்து அன்பர்களில் பலர், மளிகைக் கடையின் ஒரு மூலையில் ஆணி, கயிறு, சங்கிலி, கொண்டி, தாழ்ப்பாள் என்று சில்லறை இரும்புச் சாமான்களும் வைத்து விற்பவர்கள். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமக் கடைகளில் இது வெகுகாலமாக உள்ள வழக்கம். இந்தச் சாமான்களை மொத்தமாக அனுப்பி வருபவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வீட்டுக் கதவுக்குச் சாமான் கேட்டு வருபவர் பித்தளையா, இரும்பா, எத்தனை அங்குலம் என்று பத்துக் கேள்வி கேட்பார். அவரே ஆட்டுப் பட்டிக்கு வாங்க வந்தால், "ஏதாவது ஒரு கொண்டி கொடுங்க அண்ணாச்சி" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தப் பட்டிக்குள் நிற்பதோ அவருடைய முழு முதல். திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு விலை தெரியும். பத்து ஆடு என்றால் ஒரு சிறு கடையின் சரக்கு மதிப்பு. தவிர, அவர் பெரும்பாலும் நம்மிடம் பற்று வைத்திருப்பவர். ஆடு போன வீட்டில் பற்று வசூலாகாது என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எனவே கொண்டி கேட்பவரிடம் "எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுப்பது நமக்கும் நல்லது.

முன்காலத்தில் நம் பக்கத்தில் கதவைவிடக் கயிறுதான் முக்கியம். மாட்டுத்தாவணி என்று தினமும் சொல்கிறோமே, மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிற்றுக்குத்தான் தாவணி என்று பெயர். மாட்டுச் சந்தைக்கும் அந்தப் பெயரே வழங்கியது. இன்று அங்கே பஸ்கள்தான் வரிசையாக நிற்கின்றன. புலிக்குளம் மாடுகளைக் கிடை போடுபவர்களும், செம்மறிக் கிடை போடுபவர்களும் இரவில் வயலிலேயே காவல் படுத்துக்கொள்வார்கள். ஆள் இருக்கும்வரை கதவைப் பற்றிய கவலை இல்லை. இப்போது பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆள் பார்த்த வேலையைக் கதவு பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில் தாழ்ப்பாள். செம்மறி, முன்னால் போவதைப் பார்த்துப் பின்னால் போகிற சாது. வெள்ளாடு அப்படியல்ல. உதட்டாலும் நாக்காலும் துழாவிப் பார்க்கும், கொம்பால் நெம்பும், பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்காலைக் கதவின்மீது போடும். வளையத்தில் மாட்டுகிற சாதாரணக் கொக்கி அதற்கு விளையாட்டுச் சாமான். ஒருநாள் தற்செயலாகத் திறந்துவிட்டால் மறுநாள் தெரிந்தே திறக்கும். ஆகவே மேலே தூக்கினால் கழன்றுகொள்கிற எந்தக் கொக்கியையும் வெள்ளாட்டுப் பட்டிக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு வேறுவேறு அசைவு செய்தால்தான் திறக்கவேண்டும். கைப்பிடியை முதலில் நிமிர்த்தி, பிறகு பக்கவாட்டில் இழுக்கிற தாழ்ப்பாள் அந்த வகை. அதைவிட மலிவு, நாதாங்கியில் கொண்டியை மாட்டி, துளையில் ஒரு தடித்த ஆணியைச் செருகுவது. அந்த ஆணியைச் சிறு சங்கிலியில் கோத்துக் கதவிலேயே தொங்கவிடவேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் ஆணி காணாமல் போய், அதற்குப் பதில் ஒரு குச்சி செருகியிருக்கும்!

தாழ் எப்போதும் வெளிப்பக்கம் இருக்கவேண்டும். உள்ளிருந்து வாய் எட்டாதபடி ஒரு தகரத்தையோ பலகையையோ மறைப்பாக அடித்துவிடவேண்டும். நடுவில் ஒரே தாழ் போட்ட கதவு, அடியில் முட்டினால் வளைந்து கொடுக்கும். தலை போகிற சந்து கிடைத்தால் குட்டி முழுதும் போய்விடும். கீழே இரண்டாவது தாழ் ஒன்று போடச் சொல்வது வியாபாரத்துக்காக மட்டும் அல்ல.

அடுத்தது கீல். பழைய வீட்டுக் கதவுகள் குடுமியில் சுழன்றவை. பட்டிக் கதவுகளில் பெரும்பாலும் தூணில் அறைந்த முளைமீது கதவின் வளையத்தைச் செருகிவிடுகிறார்கள். இரண்டு முளையும் மேல்நோக்கி இருந்தால் கிடா முட்டித் தூக்கும்போதே கதவு கழன்று வந்துவிடும். திருடவந்தவன் பூட்டைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. கதவைப் பூட்டோடு தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். மேல் முளையைக் கீழ்நோக்கித் திருப்பி அறைந்துவிட்டால் இந்த ஆபத்து தீர்ந்தது. செலவு ஒன்றும் கூடாது. இத்தனை எளிய விஷயம் எத்தனை பட்டிகளில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

உள்பக்கம் திறப்பதா, வெளிப்பக்கம் திறப்பதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. உள்பக்கம் திறக்கும் கதவை ஆடுகள் எத்தனை நெருக்கினாலும் அது நிலையோடு இறுகுமே தவிரத் திறக்காது. தாழின் மேல் பாரமும் விழாது. ஆனால் நோய்ப்பட்ட ஆடு கதவோரம் விழுந்துவிட்டாலோ, புழுக்கையும் சேறும் மண்டிவிட்டாலோ திறக்கமுடியாது. ஓலைக் கொட்டகையில் நெருப்புப் பிடித்தால் எல்லா ஆடும் கதவின்மேல் வந்து அப்பும். அப்போது உள்பக்கக் கதவு எமன்தான். என் அபிப்பிராயம், திறந்தவெளிப் பட்டிக்கு உள்பக்கம். கூரை வேய்ந்த கொட்டகைக்கு வெளிப்பக்கம், ஆனால் குறுக்கே ஒரு கனத்த கழியும் வேண்டும். திறக்கத் திறக்கச் சற்றே மேலெழும்படி கீலைச் சாய்த்து அமைத்தால் கதவு தன் எடையிலேயே வந்து மூடிக்கொள்ளும். மறதிக்கார வீடுகளுக்கு அது உத்தமம்.

இதுவரை சொன்னது உள்ளே இருப்பது வெளியே போகாமல் இருக்க. வெளியே இருப்பது உள்ளே வராமல் இருப்பது இப்போது அதைவிடப் பெரிய பாடு. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் 2024, 2025-ம் ஆண்டுகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுப் போராடியதும் செய்தித்தாள்களில் வந்தவை. கிளுவை வேலிக்குப் பெயர்போன சீமை அது. வேலி எத்தனை அடர்த்தியாக இருந்தாலும் கதவடியில் ஆடுகள் மிதித்து மிதித்துப் பள்ளம் விழுந்துவிடும். நாய்க்கு அது போதும். கதவுக்குக் கீழே ஒரு கல் படி பதித்து, இடைவெளி இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கம்பி வலை போடுபவர்கள் அடியில் ஓரடி அகலத்தை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் படுக்கவைக்கவேண்டும். நாய் வலையோரத்தில்தான் தோண்டும்; பின்னால் தள்ளிப்போய்த் தோண்டுகிற யோசனை அதற்கு வராது. வலை கேட்டு வருபவரிடம் இந்த ஓரடியையும் சேர்த்து அளவு சொல்லுங்கள்.

மதுரைக்காரன் கதவைப் பற்றி எழுதிவிட்டு வாடிவாசலைச் சொல்லாமல் விடமுடியுமா? தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். முதலில் கோயில் காளைகள். அவற்றை யாரும் பிடிப்பதில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை. அடைப்பதற்கு அல்ல, விடுவதற்கு ஏற்பட்ட வாசல் அது. ஒரு காளைதான் வரமுடியும், வந்த காளை திரும்பமுடியாது என்கிற அளவுக்குக் குறுகல். அங்கே வைத்துத்தான் மூக்கணாங்கயிற்றை அவிழ்க்கிறார்கள். அடைசலான இடத்தில் நின்ற காளை எதிரே வெளிச்சத்தையும் திறந்த இடத்தையும் பார்த்ததும் பாய்கிறது. 2014 மே 7-ல் உச்சநீதிமன்றம் விதித்த தடையும், 2017 ஜனவரியில் நடந்த போராட்டமும் அதையடுத்து வந்த சட்டமும், 2023 மே 18-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று வந்த தீர்ப்பும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்று இரட்டைத் தடுப்பு வேலி, தரையில் தென்னைநார்க் கழிவு, கால்நடை டாக்டர் பரிசோதனை என்று ஏற்பாடு பெருகியிருக்கிறது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த அரங்கத்திலும் எல்லாப் பெருமையும் அந்தக் குறுகிய வாசலுக்குத்தான்.

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்கிற அம்மையார், மாடுகளை அடிக்காமல் விரட்டாமல் வரிசையாக நடத்திக்கொண்டு போகும் வழிகளை அமைப்பதில் உலகப் புகழ் பெற்றவர். மாடு இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு விரும்பிப் போகும். ஆனால் கண்ணெதிரே தொங்கி ஆடுகிற ஒரு சங்கிலி, வேலிமேல் போட்ட சட்டை, தரையில் விழுந்த நிழல் இவற்றைக் கண்டால் நின்றுவிடும் என்று அவர் எடுத்துக்காட்டினார். இரு பக்கமும் வெளியே தெரியாதபடி அடைத்து, நேராக அல்லாமல் வளைத்து வழி அமைத்தார். சந்தைக்கு ஆடு ஏற்றும்போது வேனுக்குப் பக்கத்தில் நடக்கிற இழுபறியைப் பார்த்திருக்கிறோம். இரண்டு பக்கமும் பழைய சாக்கைக் கட்டி மறைத்துப் பாருங்கள், பாதிக் கூச்சல் குறையும். சாக்குக்கு நமக்கு என்ன பஞ்சம்?

வியாபாரிகள் கேட்டு ரசிக்கக்கூடிய கதை ஒன்று உண்டு. முள்கம்பிக்கு ஜோசப் கிளிடன் என்ற அமெரிக்க விவசாயி 1874-ல் காப்புரிமை வாங்கினார். இந்த மெல்லிய கம்பி முரட்டு மாட்டை நிறுத்துமா என்று டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் சிரித்தார்களாம். ஜான் கேட்ஸ் என்ற விற்பனையாளர் 1876-ல் சான் அன்டோனியோ நகரின் நடுச் சதுக்கத்தில் முள்கம்பி அடைப்புப் போட்டு, நீளக்கொம்பு மாடுகளை உள்ளே விட்டு, பந்தயம் கட்டி ஜெயித்தார் என்று சொல்வார்கள். ஆர்டர் குவிந்தது. அவர் பெயருக்கே "வாசற்கதவுகள்" என்று அர்த்தம்! ஆனால் ஆட்டுப் பட்டிக்கு முள்கம்பியை நான் சிபாரிசு செய்வதில்லை. மடியைக் கிழித்துவிடும், நாயையும் நிறுத்தாது.

நம் கடைவாசல் சங்கதியும் இதில் சேர்ந்ததுதான். கீழமாசி வீதியில் பருப்பு மூட்டையில் வாய்வைத்த மாட்டைத் துரத்தாதவர் யார்? 1871-ம் ஆண்டின் சட்டப்படி அத்துமீறிய மாட்டைப் பவுண்டில் அடைக்கலாம். ஓட்டிக்கொண்டு போகத்தான் ஆள் கிடையாது. கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி, கல்லூரி வாசல்களில் குழியின்மேல் இரும்புக் குழாய்களை இடைவிட்டுப் பதித்திருப்பார்கள். வண்டி போகும், மாடு கால்வைக்காது. இடவசதியுள்ள குடோன்காரர்கள் அதைப் போடலாம். சின்னக் கடைக்கு இடுப்பளவுப் பாதிக் கதவு போதும்.

பூட்டு என்றால் நமக்குத் திண்டுக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் பட்டியில் தொங்கும் பூட்டு மழையிலும் புழுக்கை நெடியிலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, பூட்டின் தலைக்கு மேலே முக்காடாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். சாவித் துவாரத்தில் மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடித்துவிடும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி.