தன்னியக்க மார்ட்டிங்கேல் வணிகம்

தன்னியக்க மார்ட்டிங்கேல் வணிகம் என்பது, அந்நியச் செலாவணிச் சந்தையில் ஒவ்வொரு நட்டத்திற்குப் பின்னரும் வணிக அளவை இரட்டிப்பாக்கி, அடுத்து வரும் ஒரே இலாபத்தில் முந்தைய நட்டங்கள் அனைத்தையும் ஈடுசெய்ய முயலும் உத்தியைக் கணினி நிரலின் மூலம் செயற்படுத்துவதாகும். இவ்வுத்தி அடிக்கடி சிறு இலாபங்களையும், அரிதாக மிகப் பெரிய நட்டத்தையும் தரும் இயல்புடையது. நீண்ட காலம் தொடர்ந்து இலாபம் காட்டிய கணக்கு ஒரே நாளில் வெறுமையாவது இவ்வுத்தியின் தனித்த அடையாளமாகும்.

வரலாறு

மார்ட்டிங்கேல் என்னும் பெயர் 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வழங்கிய பந்தய முறையொன்றிலிருந்து வந்தது. நாணயம் சுண்டும் ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த முறை இரு மடங்கு பந்தயம் கட்டுவது அம்முறையாகும். வெனிசு நகரைச் சேர்ந்த காசனோவா, தாம் இம்முறையில் சூதாடிப் பணம் இழந்ததைத் தமது நினைவுக் குறிப்புகளில் பதிந்துள்ளார்.

1939 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் சான் வில் இச்சொல்லை நிகழ்தகவுக் கோட்பாட்டினுள் கொண்டுவந்தார். அமெரிக்கக் கணிதவியலாளர் சோசப் டூப் அதனை விரிவாக வளர்த்தெடுத்தார். பந்தயத்திற்கும் காலத்திற்கும் வரம்பு உள்ள நியாயமான ஆட்டத்தில், எந்த உத்தியாலும் சராசரி வருவாயைச் சுழியத்திற்கு மேல் உயர்த்த முடியாது என்பது இத்துறையின் அடிப்படைத் தேற்றங்களுள் ஒன்றாகும். சூதாட்ட உத்தியின் பெயரைத் தாங்கிய கோட்பாடே அவ்வுத்தியின் பயனின்மையை நிறுவியது குறிப்பிடத்தக்கது.

2005 ஆம் ஆண்டில் மெட்டாடிரேடர் 4 மென்பொருள் வெளிவந்த பின்னர், தனிநபர்கள் தாமே வணிக நிரல்களை எழுதி இயக்குவது எளிதாயிற்று. இவை எக்சுபெர்ட் அட்வைசர் என அழைக்கப்படுகின்றன. இவற்றுள் மார்ட்டிங்கேல் வகை நிரல்கள் பரவலாக விற்கப்படுகின்றன.

செயற்படும் முறை

இத்தகைய நிரலொன்றில் பொதுவாகப் பின்வரும் அளவுருக்கள் காணப்படும்.

- தொடக்க அளவு: முதல் வணிகத்தின் அளவு.
- பெருக்கெண்: ஒவ்வொரு படியிலும் அளவு பெருகும் விகிதம். பெரும்பாலும் 2, சில நிரல்களில் 1.5 போன்ற குறைந்த எண்.
- இடைவெளி: விலை எவ்வளவு எதிர்த்திசையில் நகர்ந்தால் அடுத்த வணிகம் தொடங்கப்படும் என்பது.
- இலாப இலக்கு: அனைத்து வணிகங்களையும் ஒருங்கே முடிக்கும் விலை.
- உச்சப் படி: இரட்டிப்பு எத்தனை முறையுடன் நிற்கும் என்பது.

விலை நகர்வு பிப் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. யூரோ-டாலர் இணையில் ஒரு பிப் 0.0001 ஆகும். ஒரு லாட் என்பது 1,00,000 யூரோ. எனவே 0.01 லாட் வணிகத்தில் ஒரு பிப் நகர்வின் மதிப்பு 10 அமெரிக்க சென்ட் ஆகும்.

எடுத்துக்காட்டு

யூரோ விலை 1.1000 டாலராக உள்ளபோது நிரல் 0.01 லாட் வாங்குகிறது எனக் கொள்வோம். விலை 20 பிப் குறையும் ஒவ்வொரு முறையும் முந்தையதைப் போல் இரு மடங்கு வாங்குகிறது. கடைசியாக வாங்கிய விலையிலிருந்து 20 பிப் உயர்ந்தால் அனைத்தையும் விற்றுவிடுகிறது.

- 1 ஆம் படி: மொத்தம் 0.01 லாட், நிலுவை நட்டம் இல்லை.
- 5 ஆம் படி: 80 பிப் சரிவு; மொத்தம் 0.31 லாட், நிலுவை நட்டம் 52 டாலர்.
- 8 ஆம் படி: 140 பிப் சரிவு, மொத்தம் 2.55 லாட், நிலுவை நட்டம் 494 டாலர்.
- 10 ஆம் படி: 180 பிப் சரிவு, மொத்தம் 10.23 லாட்; நிலுவை நட்டம் 2,026 டாலர்.

8 ஆம் படியில் விலை 20 பிப் மட்டும் மீண்டால் போதும். 494 டாலர் நட்டமும் நீங்கி 16 டாலர் இலாபம் கிடைக்கும். இவ்வுத்தியின் கவர்ச்சி இதில் அடங்கியுள்ளது.

கணித அடிப்படை

மேற்கண்ட நிரல் 8 படிகளுடன் நின்று, 160 பிப் சரிவில் நட்டத்தை ஏற்று வெளியேறுகிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு 20 பிப் நகர்வும் மேலோ கீழோ செல்லச் சம வாய்ப்புள்ளதாயின், எட்டு முறையும் தொடர்ந்து கீழே செல்லும் நிகழ்தகவு 256 இல் 1 ஆகும். அதாவது 256 சுற்றுகளில் சராசரியாக 255 இலாபத்தில் முடியும். ஆனால் தோற்கும் ஒரு சுற்றில் 1,004 டாலர் இழக்கப்படும். வெல்லும் 255 சுற்றுகளும் சேர்ந்து சராசரியாக ஈட்டுவதும் அதே 1,004 டாலரே. ஆகவே எதிர்பார்ப்பு மதிப்பு சுழியமாகும்.

தரகர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஒரு பிப் வேறுபாடு வைத்தால், அதன் செலவு ஒரு சுற்றுக்குச் சராசரியாக 80 சென்ட் ஆகும். எனவே சுழியமாக இருந்த எதிர்பார்ப்பு எதிர்மறையாகிறது. உச்சப் படியை உயர்த்தினால் நட்டம் அரிதாகும். ஆனால் வரும்போது அதே விகிதத்தில் பெரிதாகும். பெருக்கெண்ணைக் குறைத்தால் நட்டம் மெதுவாக வளரும். ஆனால் மீள்வதற்குத் தேவைப்படும் விலை நகர்வு அதிகமாகும். விலையின் போக்கை முன்கூட்டியே அறியும் வேறு வழி இல்லாதவரை, அளவை மாற்றுவதால் மட்டும் இலாபம் பிறப்பதில்லை.

இடர்கள்

பிணைத்தொகைத் தட்டுப்பாடு: லீவரேஜ் எனப்படும் கடன்வழி வணிகத்தில் ஒவ்வொரு வணிகத்திற்கும் ஒரு பகுதிப் பணம் பிணையாக ஒதுக்கப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் கணக்கில் 5,000 டாலரும் 100:1 லீவரேஜும் இருப்பதாகக் கொண்டால், 9 ஆம் படிக்கு ஏறத்தாழ 5,600 டாலர் பிணை தேவை. ஆனால் கணக்கின் மதிப்போ 4,000 டாலர் அளவே இருக்கும். இரட்டிப்பு அங்கேயே தடைப்படும். நட்டம் நிறுத்தும் ஆணை இல்லையெனில் 2.55 லாட் வணிகம் திறந்தே இருக்கும். பிணையில் 50 விழுக்காடு மட்டும் எஞ்சும்போது தரகர் கட்டாயமாக முடிப்பாராயின், ஏறத்தாழ 260 பிப் சரிவில் கணக்கு 3,600 டாலர் அளவை இழந்திருக்கும். இது ஏறத்தாழ 900 வெற்றிச் சுற்றுகளின் வருவாய்க்குச் சமம்.

விலைத் தாவல்: வார இறுதிக்குப் பின்னரும் எதிர்பாராத அறிவிப்புகளின்போதும் விலை இடைப்பட்ட அளவுகளைத் தொடாமலே தாவக்கூடும். அப்போது நட்டம் நிறுத்தும் ஆணை குறித்த விலையில் நிறைவேறாது.

மறைந்திருக்கும் நட்டம்: முடிந்த வணிகங்களை மட்டும் காட்டும் இருப்புக் கோடு சீராக உயர்ந்துகொண்டே இருக்கும். திறந்துள்ள வணிகங்களின் நட்டம் நிகர மதிப்புக் கோட்டில் மட்டுமே தெரியும். விளம்பரங்களில் முன்னதை மட்டும் கண்டு முடிவெடுப்பது தவறாகும்.

தவறான பின்னோக்குச் சோதனை: பழைய விலைத்தரவில் நிரலை ஓட்டிப் பார்க்கும்போது, பெருஞ்சரிவு இல்லாத காலப்பகுதியைத் தேர்ந்தால் எந்த மார்ட்டிங்கேல் நிரலும் இலாபம் காட்டும்.

சுவிசு பிராங்கு நிகழ்வு

சுவிசு தேசிய வங்கி, ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்கிற்குக் கீழே செல்ல விடுவதில்லை என 2011 செப்டம்பர் 6 அன்று அறிவித்தது. இதனால் விலை 1.20 ஐ நெருங்கும்போதெல்லாம் யூரோவை வாங்குவது பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பரவியது. 2015 சனவரி 15 அன்று வங்கி இவ்வரம்பை முன்னறிவிப்பின்றி நீக்கியது. சில நிமிடங்களில் யூரோ 1.00 பிராங்கிற்கும் கீழே வீழ்ந்தது. இது 2,000 பிப்பிற்கும் மேற்பட்ட சரிவாகும். வாங்குவோர் ஏறத்தாழ மறைந்துவிட்டதால் பல ஆணைகள் மிகத் தாழ்ந்த விலையிலேயே நிறைவேறின. பலர் கணக்கிலிருந்த பணம் முழுவதையும் இழந்ததுடன் தரகருக்குக் கடனாளியுமாயினர். அல்பாரி நிறுவனத்தின் பிரித்தானியக் கிளை நொடித்தது. எப்எக்சுசிஎம் நிறுவனம் 30 கோடி டாலர் அவசரக் கடன் பெற்றது. 20 பிப் இடைவெளியில் இயங்கும் நிரலுக்கு இத்தகைய நகர்வில் எந்தத் தற்காப்பும் இல்லை.

இடர் மேலாண்மை

- உச்சப் படியை நிரலிலேயே வரையறுத்து, அதன் முடிவில் நட்டத்தை ஏற்று வெளியேறுதல்.
- கணக்கின் நிகர மதிப்பு குறித்த விழுக்காடு குறைந்தால் நிரல் முழுவதையும் நிறுத்துதல்.
- கடைசிப் படிக்கான பிணைத்தொகையை முதல் வணிகத்திற்கு முன்பே கணக்கிடுதல்.
- ஒன்றாக நகரும் நாணய இணைகளில் ஒரே நேரத்தில் இயக்காதிருத்தல்.
- இலாபத்தை அவ்வப்போது வெளியே எடுத்தல். இழந்தால் தாங்கக்கூடிய பணத்தை மட்டும் கணக்கில் வைத்தல்.
- 2015 சனவரி போன்ற காலங்களையும் சேர்த்துச் சோதித்தல்.

இவை இழப்பின் அளவுக்கு வரம்பிடுகின்றன. எதிர்பார்ப்பு மதிப்பை நேர்மறையாக்குவதில்லை.

ஒழுங்குமுறை

ஐரோப்பியப் பத்திர, சந்தைகள் ஆணையம் 2018 ஆம் ஆண்டில் முதன்மை நாணய இணைகளுக்கான லீவரேஜை 30:1 ஆக வரையறுத்தது. கணக்கு சுழியத்திற்குக் கீழே செல்லாதவாறு பாதுகாப்பும் கட்டாயமாக்கப்பட்டது. இவ்வகை வணிகத்தில் 74 முதல் 89 விழுக்காடு சில்லறைக் கணக்குகள் நட்டமடைவதாக அவ்வாணையம் தெரிவித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2010 முதல் இவ்வரம்பு 50:1 ஆகும். இந்திய ரிசர்வ் வங்கி, அனுமதி பெறாத செலாவணி வணிகத் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை 2022 முதல் வெளியிட்டு வருகிறது.

இவற்றையும் பார்க்க

- நிகழ்தகவு
- எதிர்பார்ப்பு மதிப்பு
- சூதாடியின் அழிவு
- அந்நியச் செலாவணிச் சந்தை