உங்களுக்குத் தெரியுமா? – ரப்பர் விளையும் ஊரில் ஓ-ரிங் வாங்கும்போது

குலசேகரம், களியல், கீரிப்பாறை, பேச்சிப்பாறை என்று மலையடிவாரம் நெடுக ரப்பர் தோட்டங்கள். தமிழகத்தின் ரப்பரில் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் விளைகிறது. இதே மாவட்டத்தில் விசைப்படகு, ஐஸ் பிளாண்ட், காற்றாலை, பம்ப்செட் என்று ஓடும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓ-ரிங்கும் ஆயில் சீலும் வேண்டும். கடையில் பழைய வளையத்தை நீட்டி, “இதே சைஸ்ல ஒண்ணு குடுங்க அண்ணாச்சி” என்பதுதான் நம் வழக்கம். சைஸ் சரியாகவே கிடைக்கும். ஆனால் அது எந்த ரப்பர், எதன்மேல் படப்போகிறது என்ற பேச்சே எழுவதில்லை. இந்த வாரத் துணுக்குகள் அதைப் பற்றி.

● நம் தோட்டத்து ரப்பர் டீசலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் ஆகாது. எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்து, கொழகொழத்து, வலுவிழந்துவிடும். இயற்கை ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் கார்பன், ஹைட்ரஜன் என்ற இரண்டே தனிமங்களால் ஆனவை. ஒரே இனம் என்பதால் எண்ணெய் தடையில்லாமல் ரப்பருக்குள் புகுந்துகொள்கிறது.

● அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் நைட்ரைல் ரப்பர். 1930-களில் ஜெர்மனியில் உருவானது. பியூட்டடையீனோடு அக்ரிலோநைட்ரைலைச் சேர்த்துச் செய்வது. கடைகளில் கிடைக்கும் கறுப்பு ஓ-ரிங்குகளில் பெரும்பாலானவை இதுதான். அக்ரிலோநைட்ரைலின் பங்கு சுமார் 18 முதல் 50 சதவீதம் வரை மாறும். கூடினால் எண்ணெயை நன்றாகத் தாங்கும், குளிரில் விறைத்துவிடும். குறைந்தால் நேர்மாறு. ஆகவே ‘நைட்ரைல்’ என்ற ஒரே பெயரில் வரும் இரண்டு வளையங்கள் ஒன்றுபோல உழைக்கும் என்று நம்பக்கூடாது. பொதுவாக 100 டிகிரி செல்சியஸ் வரை இதை நம்பலாம்.

● அப்படியானால் இயற்கை ரப்பருக்கு இடமே இல்லையா? உண்டு. தண்ணீரும் மணலும் கலந்த கூழைத் தள்ளும் பம்புகளின் உட்புறத்தில் இயற்கை ரப்பரைப் பூசுகிறார்கள். மணல் மோதினால் உலோகம் தேயும்; ரப்பர் உள்வாங்கி, மணலைத் திருப்பி எறிந்துவிடும். கிழிபடாமல் தாங்குவதிலும், நீட்டிவிட்டால் பழைய நிலைக்கு மீள்வதிலும் செயற்கை ரப்பர்கள் பலவற்றால் இதனோடு போட்டியிட முடியாது. அணைகளின் மதகுக் கதவுகளிலும் ரப்பர் சீல்தான் நீரைத் தடுக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இசைக் குறியீடு போலத் தெரியும் ஒரு வகைக்குப் பொறியாளர்கள் ‘மியூசிக் நோட் சீல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

● இயற்கை ரப்பரை உண்டு வாழும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. மண்ணுக்கடியில் போகும் குடிநீர்க் குழாய் இணைப்புகளில் ரப்பர் வளையம் அரிக்கப்படுவதற்கு இவையும் ஒரு காரணம்.

● கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு பகுதிகளில் உள்ள அரசு ரப்பர் கழகம் 1984-இல் தொடங்கியது. 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வாழ்வு கொடுத்தவை இந்தத் தோட்டங்கள். விடியுமுன் எழுந்து அவர்கள் வெட்டி இறக்கும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்து, புகைக்கூட்டில் காயவைத்தாலும் அது சீல் ஆகிவிடாது. கந்தகம் சேர்த்து வேகவைக்க வேண்டும். 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்ட வழி அது. வேகாத ரப்பரை அமுக்கி வைத்தால் அமுங்கிய வடிவிலேயே தங்கிவிடும். சீலுக்கு வேண்டியது, எத்தனை ஆண்டு அமுக்கினாலும் எதிர்த்துத் தள்ளும் குணம்.

● ஓ-ரிங்கைக் கண்டவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். டென்மார்க்கில் பிறந்து 1891-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1937-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 72. 1939-இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு அவருக்கு 75,000 டாலர் கொடுத்து, காப்புரிமையை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இந்த வளையத்தின் அழகே, கசியப் பார்க்கும் அழுத்தத்தையே அது தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வதுதான். எண்ணெய் அழுத்த அழுத்த, வளையம் பள்ளத்தின் மறுகோடிக்கு ஒதுங்கி, இடைவெளியை இன்னும் இறுக்கமாக அடைக்கும்.

● ரப்பர் வளையும், நசுங்கும்; ஆனால் அதன் கன அளவு கிட்டத்தட்டக் குறையவே குறையாது. ஆகையால் ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டே ஆகவேண்டும். பள்ளத்தை முழுக்க நிரப்பும் தடித்த வளையத்தைப் போட்டால், சூட்டில் விரியும்போது அதற்குப் போக்கிடம் இல்லாமல் பிதுங்கிக் கிழியும். ‘கொஞ்சம் தடிமனாகப் போட்டால் நன்றாக அடைக்கும்’ என்பது தவறான நம்பிக்கை.

● 2.5 மில்லிமீட்டர் தடிமனும் 2.62 மில்லிமீட்டர் தடிமனும் கண்ணுக்கு ஒன்றே. முன்னது மெட்ரிக் அளவு, பின்னது ‘ஏ.எஸ். 568’ என்ற அமெரிக்க அளவு. அளவுகோலால் இதைக் கண்டுபிடிக்க முடியாது, வெர்னியர் வேண்டும். பழைய வளையத்தை அளப்பதும் ஏமாற்றும். அது ஊதியிருக்கும், இல்லையேல் தட்டையாகியிருக்கும். பள்ளத்தை அளப்பதே சரி.

● குளச்சல், சின்னமுட்டம் போன்ற மீன்பிடித் துறைமுகங்களை நம்பி இயங்கும் தொழில்களில் ஐஸ் பிளாண்ட் முக்கியமானது. பெரிய ஐஸ் பிளாண்ட்களில் குளிரூட்டியாக ஓடுவது பெரும்பாலும் அம்மோனியா. ‘விலை கூடினால் தரம் கூடும்’ என்று நினைத்து இங்கே விட்டான் என்ற செயற்கை ரப்பரில் செய்த ஓ-ரிங் வாங்கிப் போட்டால் பணமும் போகும், பாதுகாப்பும் போகும். 200 டிகிரி வரை சூடு தாங்கும், பெட்ரோல், டீசல் எதற்கும் அசையாத விட்டான், அம்மோனியா பட்டால் இறுகி வெடித்துவிடும். கம்ப்ரசரில் எண்ணெயும் அம்மோனியாவும் சேர்ந்தே இருப்பதால் அங்கே வழக்கமான தேர்வு நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். நைட்ரைலைவிடச் சற்றுக் கூடுதல் விலைதான். அம்மோனியா கசிந்தால் மூச்சு முட்டும், கண் எரியும். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. அந்த வளையத்தின் பெயரைக் கேட்டு வாங்க ஒரு நிமிடம் போதும்.

● பிரேக் சிலிண்டரைக் கழற்றினால் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. கூடாது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது பெட்ரோலிய எண்ணெயே அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். அதற்கென்று போடும் ஈ.பி.டி.எம். ரப்பர் கப், பெட்ரோல் பட்டால் ஊதிவிடும். ஊதிய கப் சிலிண்டருக்குள் சிக்கினால் பிரேக் பிடித்தபடியே நிற்கும். கழுவப் புது பிரேக் ஆயிலே போதும்.

● அதே ஈ.பி.டி.எம்., வெந்நீருக்கும் நீராவிக்கும் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் அருமையான ரப்பர். சாதாரண கிரீஸ் தடவினால் மட்டும் கெட்டுப்போகும். இதற்குத் தடவ வேண்டியது சிலிக்கான் கிரீஸ். சிலிக்கான் ரப்பர் வளையத்துக்கோ சிலிக்கான் கிரீஸ் கூடாது!

● ரப்பர் பேண்ட் ஒன்றை இழுத்துப் பிடித்துச் சூடு காட்டினால் நீளாது, சுருங்கும். 1805-இல் ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர் கவனித்துச் சொன்னது. அவர் பார்வையற்றவர், இழுத்த ரப்பரை உதட்டில் வைத்து வெப்பத்தை உணர்ந்தார். பின்னாளில் இயற்பியலாளர் ஜூல் இதை அளந்து உறுதிசெய்தார். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் சுழலும் காற்றாலைகளுக்கும் இந்த விதி பொருந்தும். வேகமாகச் சுழலும் ஷாஃப்ட் மேல் ஓ-ரிங்கை இழுத்து மாட்டினால், உராய்வில் சூடேறி, சுருங்கி, ஷாஃப்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பிடி இறுக இறுகச் சூடு கூடும். கடைசியில் வளையம் கருகும். சுழலும் இடத்துக்கு உதடு வைத்த ஆயில் சீல் போடுவது இதனால்தான். தூசும் மணலும் பறக்கும் காற்றுக் கணவாய்க்கு வெளிப்பக்கம் இரண்டாவது உதடு உள்ள வகையே நல்லது.

● ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், மகேந்திரகிரியின் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். கிரையோஜெனிக் இன்ஜின்களைச் சோதிக்கும் இடம். அங்கே திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. அந்தக் குளிரில் எந்த ரப்பரும் கண்ணாடிபோல உடையும். அதனால் டெஃப்லான் போன்ற பொருள்களும் உலோக சீல்களும்தான் கைகொடுக்கின்றன.

அவையும் தவறலாம். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 ராக்கெட், ஈ.ஓ.எஸ்-03 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்க்காமலே தோற்றது. திரவ ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் போதாததால் மூன்றாம் கட்ட இன்ஜினுக்குப் போதிய எரிபொருள் போய்ச் சேரவில்லை. தொட்டியின் வால்வு ஒன்று கசிந்திருந்தது. அதிலிருந்த மென்மையான சீல் சேதமடைந்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று ஆய்வுக் குழு சொன்னது. வால்வு இயங்கும்போதோ, உள்ளே புகுந்த மாசாலோ, கடுங்குளிரில் வால்வைப் பொருத்திய இடத்தில் எழுந்த விசையாலோ அது சேதமாகியிருக்கலாம். அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் நம் மாவட்டத்துக்காரர். கிரையோஜெனிக் துறையில் வல்லுநரான இன்னொரு குமரிக்காரர் வி. நாராயணன் 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்தார். ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் 2023 மே 29 அன்று மீண்டும் பறந்து வெற்றி கண்டது.

● அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று 73 விநாடிகளில் சிதறி 7 பேர் இறந்ததற்கும் ஓ-ரிங்தான் காரணம். அது விட்டான் வகை. சூட்டுக்குப் பெயர்போன அந்த ரப்பர், ஏறக்குறைய 2 டிகிரிக் குளிரில் விறைத்து, விரிந்த இடைவெளியை வேகமாக நிரப்பத் தவறியது. விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டினார். ஏவுவதற்கு முந்தைய இரவே, அந்த ஓ-ரிங் இருந்த பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் ‘ஏவ வேண்டாம்’ என்று மன்றாடியிருந்தார்கள். எவ்வளவு சூடு தாங்கும் என்று கேட்பவர்கள், எவ்வளவு குளிர் தாங்கும் என்றும் கேட்டே ஆகவேண்டும்.

● சமையல் எரிவாயு சிலிண்டரின் வால்வுக்குள்ளும் ஒரு சிறிய ஓ-ரிங் உண்டு. வாஷர் என்று சொல்வோம். அது நைட்ரைல் வகையாக இருக்க வேண்டும். எரிவாயு பட்டால் இயற்கை ரப்பர் ஊதும். சிலிண்டர் கொண்டுவருபவர் மூடியைத் திறந்து கசிவு பார்த்துக் கொடுக்க வேண்டியது அவர் கடமை. கேட்கத் தயங்காதீர்கள். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906.

● 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. எத்தனாலுக்கென்று வடிவமைக்காத பழைய வண்டிகளில், எரிபொருள் குழாயும் கார்புரேட்டர் ஓ-ரிங்கும் சீக்கிரம் தேயலாம். சர்வீஸுக்கு விடும்போது அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

● நிறத்தை வைத்து ரப்பரை அடையாளம் காண முடியாது. பழுப்பும் பச்சையும் விட்டானில் அதிகம் வரும் என்பது உண்மைதான், ஆனால் எந்த ரப்பருக்கும் எந்த நிறமும் ஏற்றலாம். எடை கொஞ்சம் துப்புக் கொடுக்கும். ஒரே அளவில் விட்டான் வளையம் நைட்ரைலைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமாக இருக்கும். கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். விட்டான் எரிந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். தோலைத் துளைத்து எலும்புவரை போகும் நஞ்சு அது. தீப்பிடித்த இயந்திரத்தைப் பிரிக்கும்போது கருகிப் பிசுபிசுத்த சீலை வெறுங்கையால் தொடாதீர்கள்.

● ரப்பருக்கும் காலாவதி உண்டு. ஐ.எஸ்.ஓ. 2230 தரவிதிப்படி சேமித்து வைத்தால், இயற்கை ரப்பர் 5 ஆண்டு, நைட்ரைலும் நியோப்ரீனும் 7 ஆண்டு, ஈ.பி.டி.எம்., விட்டான், சிலிக்கான் 10 ஆண்டு. பிறகு சோதித்துப் பார்த்துச் சில ஆண்டுகள் நீட்டலாம். நல்ல நிறுவனங்களின் பாக்கெட்டில், ரப்பர் வெந்த காலாண்டும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அந்தக் கணக்கு, 25 டிகிரிக்கு மிகாத சூட்டில், வெளிச்சம் படாத உறைக்குள், இழுபடாமல் வைத்திருந்தால்தான் செல்லும். ஆணியில் சரம் கோத்துத் தொங்கவிட்ட வளையங்கள், தொங்கும் இடத்தில் இழுபட்டு வெடிக்கும். மோட்டாரும் வெல்டிங் மெஷினும் ஓசோனை உண்டாக்கும். இயற்கை ரப்பரையும் நைட்ரைலையும் கீறிப் பிளப்பது அந்த ஓசோன்தான். உதிரிபாக டப்பாவை அவற்றின் பக்கத்திலிருந்து எடுத்து வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.