மழலையின் மாறுவேடத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி ஆம்புலன்ஸ்

பிளே ஸ்கூல் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 31 ஹாலோவீன் தினம், பிள்ளைகளை மாறுவேடத்தில் அனுப்புங்கள் என்று. அனுப்பினால் மனம் உறுத்தும். அனுப்பாவிட்டால், மற்ற பிள்ளைகளின் போட்டோக்களை மறுநாள் குழுவில் பார்த்துவிட்டு நம் மூன்று வயதுப் பிள்ளை "எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்கும். இரண்டையும் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது.

ஹாலோவீன் என்பது கிறிஸ்தவர்களின் 'அனைத்துப் புனிதர்கள்' தினமான நவம்பர் 1-க்கு முந்தைய இரவு. குளிர்காலம் தொடங்கும் இந்த நேரத்தில் இறந்தவர்களின் ஆவிகள் உலவும் என்பது அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் வாழ்ந்த பழைய மக்களின் நம்பிக்கை. அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா போய், பூசணிக்காய் விளக்கும் பேய் முகமூடியுமாக வியாபாரமாகி, இப்போது நம் ஊர் வரை வந்துவிட்டது. ஆவிகள் உலவும் என்ற நம்பிக்கை நம் ஈமானோடு ஒட்டாது. எனவே அன்று பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்பதே நம் கருத்து. ஆசிரியையிடம் இதை மரியாதையாகச் சொல்லிவிட்டால் போதும், வாக்குவாதம் தேவையில்லை.

ஆனால் பிள்ளையிடம் "ஹராம், போகக்கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அது ஆசைப்பட்டது பேய்க்கு அல்ல, விளையாட்டுக்கு. ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் வைத்து விளையாடிய பொம்மைகளுக்கு நடுவே துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்ததையும், குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) பதில் சொன்னதையும், நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததையும் அபூதாவூத் பதிவு செய்திருக்கிறது. ஆஷூரா நோன்பன்று பசித்து அழுத பிள்ளைகளுக்கு மதீனாவின் தாய்மார்கள் கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்த செய்தி புகாரியில் இருக்கிறது. வீட்டில் கிடைப்பதை வைத்துப் பிள்ளைக்குச் செய்து கொடுப்பது நமக்குப் புதிதல்ல.

அக்டோபர் 31 கழிந்து இரண்டே வாரத்தில் நவம்பர் 14, குழந்தைகள் தினம். பெரும்பாலான பள்ளிகளில் மாறுவேடப் போட்டி அன்றுதான். "அன்னைக்கு நீ வண்டியா போகப் போற" என்று இன்றே சொல்லிவிடலாம்.

ஏன் வண்டி? வாடகைக் கடைக்குப் போனால் சாமி வேடங்களும் மிருக உருவங்களும்தான் அதிகம். படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரில்லாத பொருள்களையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டியது புகாரியில் உள்ளது. வண்டிக்கு உயிரில்லை. இதில் எந்தக் குழப்பமும் வராது.

அதிலும் ஆம்புலன்ஸ். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனை கோரிப்பாளையத்தை ஒட்டி இருப்பதால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பேசப் பழகும்போதே சைரன் சத்தத்தையும் கற்றுக்கொள்கிறார்கள். தமுமுக உள்ளிட்ட நம் அமைப்புகள் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுகின்றன. கொரோனா காலத்தில் உறவினர்களே நெருங்கப் பயந்த உடல்களை மதம் பாராமல் அடக்கம் செய்தவர்களில் நம் இளைஞர்களும் இருந்தார்கள். மேடையில் நம் பிள்ளை அந்த வண்டியாக நிற்பது நல்ல விஷயம்தானே?

இனி வேலைக்கு வருவோம். மளிகைக் கடையில் சிப்ஸ் பாக்கெட்டுகள் வரும் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பெரிதாக இருக்கும், எடை இருக்காது. டிவி, மிக்ஸி பெட்டிகள் தடிமனானவை. மூன்று வயதுத் தோளுக்கு அது பாரம். பெட்டியின் அடிப்பக்க மடிப்புகளை முழுவதும் வெட்டி எடுத்துவிடுங்கள். மேல்பக்கம் மூடியே இருக்கட்டும். அதில் பிள்ளையின் உடம்பு நுழைய ஒரு துளை. வண்டி இடுப்பில் தொங்க வேண்டும், முழங்காலுக்கு மேலேயே முடிய வேண்டும். கைகள் இரண்டும் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். விழுந்தால் ஊன்றக் கை வேண்டும்.

துளையை நடுவில் போடாமல் முன்பக்கம் தள்ளிப் போடுங்கள். ஆம்புலன்ஸுக்கும் முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம். முன்பக்கம் நீண்டால் பிள்ளைக்குத் தன் கால் தெரியாது, மேடைப் படியில் தடுக்கும். பின்பக்கம் நீளமானால் வண்டி பின்னால் சாயுமே என்பீர்கள். சாயும்தான். அதற்காகப் பின்பக்கத் தோள்பட்டியைத் துளையின் ஓரத்தில் மாட்டாமல் இரண்டு விரல்கடை பின்னால் தள்ளி மாட்டினால் சரியாகிவிடும்.

தோள்பட்டிக்கு நாடா வேண்டாம், தோளை அறுக்கும். பழைய துப்பட்டாவை நான்காக மடித்து, முதுகில் குறுக்காகப் போட்டுக் கட்டினால் நழுவாது. கழுத்தைச் சுற்றி மட்டும் எதையும் கட்டாதீர்கள். பட்டியின் ஒரு முனையை வெல்க்ரோ வைத்து ஒட்டுவது நல்லது. பெட்டி எங்காவது மாட்டி இழுத்தால் தானே கழன்றுவிடும். பாத்ரூம் போக வேண்டும் என்றாலும் ஒரு நொடியில் கழற்றலாம்.

வெள்ளை சார்ட் பேப்பரை வெளிப்பக்கம் ஒட்டி, சிவப்புக் கோடு போடுங்கள். பேப்பர் தட்டுகளுக்குக் கறுப்பு அடித்தால் சக்கரம். பாட்டில் மூடிக்கு நீலக் கண்ணாடித் தாள் சுற்றினால் மேல் விளக்கு. உதிர்ந்து வாய்க்குப் போகாதபடி பெரிய மூடியாக எடுத்து அழுத்தி ஒட்டுங்கள். மினுங்கும் பேட்டரி விளக்கு வேண்டாம். அதில் இருக்கும் பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

பக்கவாட்டில் 108 என்று எழுதுங்கள். நம் மாநிலத்தில் 2008 முதல் ஓடும் சேவை அது. செஞ்சிலுவை வரைய வேண்டாம். போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் காப்பதற்கான சின்னம் என்பதால், அனுமதியின்றி அதைப் பயன்படுத்த 1960-ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தச் சட்டம் தடை செய்கிறது. அதற்குப் பதில் செம்பிறை வரையலாமே என்று தோன்றும். அதுவும் அதே சட்டத்தில் காக்கப்பட்ட சின்னம்தான். 108 மட்டுமே போதும்.

முன்பக்கத்தில் 'ஆம்புலன்ஸ்' என்பதைத் தலைகீழாக அல்ல, இடவலம் மாற்றி எழுத வேண்டும். முன்னால் போகிற வண்டிக்காரர் தன் கண்ணாடியில் பார்க்கும்போது நேராகத் தெரிவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஒரு தாளில் அழுத்தமாக எழுதி, திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்தால் எழுத்து மாறித் தெரியும். அப்படியே நகல் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் இந்த வேலையை அதனிடம் கொடுத்துவிடுங்கள்.

மேடையில் பேச நீளமான வசனம் எதற்கு? சைரன் சத்தம் போட்டு "வழி விடுங்க, வழி விடுங்க" என்றால் கைதட்டல் தானே வரும். கூட்டத்தில் இருக்கும் அத்தாமார்களுக்கும் ஒரு தகவல்: ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தோளில் பெட்டி மாட்டக்கூடாது. அந்த வயதுக்கு நடைவண்டி இருக்கிறது. அதன் முன்பக்கம் இதே அட்டையை நூலால் கட்டிவிட்டால் குழந்தை தள்ளிக்கொண்டு வரும். சமதளத்தில் மட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நவம்பர் நடுப்பகுதி நமக்கு மழைக்காலம். அட்டை நனைந்தால் ஒரு நொடியில் தொய்ந்துவிடும். பெட்டியைப் பெரிய பாலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டுபோய், பிள்ளையின் பெயரை அழைக்கும் முன் மாட்டிவிடுங்கள், இறங்கியதும் கழற்றிவிடுங்கள். இரண்டு நாள் முன்பே வீட்டுக்குள் ஒருமுறை நடக்கவிட்டுப் பார்த்தால் எங்கே இடிக்கிறது, எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும்.