ரேமோன் எப்படி ராம் ஆனார்?

ஹைதராபாத்தில் உப்பலிலிருந்து ராமந்தாபூர், அம்பர்பேட் வழியாக மூசி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மூசாரம்பாக். ஆற்றை வைத்து வந்த பெயர் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அதற்குள் இருப்பவர் ஒரு பிரெஞ்சுக்காரர்.

மிஷேல் ஜொவாஷிம் மரி ரேமோன் 1755-இல் பிரான்சின் தெற்கே கஸ்கோனிப் பகுதியில் பிறந்தவர். இளம் வயதில் புதுச்சேரிக்கு வந்தார். ஹைதர் அலியின் படையிலும் பின்னர் தளபதி புஸ்ஸியிடமும் இருந்துவிட்டு, 1786-இல் ஹைதராபாத் நிஜாம் அலி கானிடம் சேர்ந்தார். பீரங்கி வார்க்கும் பட்டறை அமைத்தார். அந்தப் பட்டறை இருந்த பகுதி இன்றும் கன்ஃபவுண்டரிதான்.

ரேமோன் என்பது இவருக்குக் குடும்பப் பெயர். ஆனால் பழங்காலத்தில் அது பிள்ளைக்குச் சூட்டும் பெயராகத்தான் இருந்தது. பிரெஞ்சு மொழி லத்தீனிலிருந்து கிளைத்தது என்றாலும், பிரெஞ்சு ஆண் பெயர்களில் ஏராளமானவை ஜெர்மானியக் குடியினரான பிராங்குகள் கொண்டுவந்தவை. அவர்கள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பெயரிடுவார்கள். 'ரகின்' என்றால் ஆலோசனை. 'முண்ட்' என்றால் காப்பு. இரண்டும் கூடிய ரகின்முண்ட், நல்ல ஆலோசனையால் காப்பவன். நாளடைவில் நடுவிலிருந்த ககரம் தேய்ந்து ரைமுண்ட் ஆனது. பிரெஞ்சில் கடைசி ஒலியும் உதிர்ந்து ரேமோன் என்று நின்றது. ஸ்பானியர்களின் ரமோனும் இதே பெயர்தான். 'முண்ட்' எட்மண்டிலும் சிக்மண்டிலும் இருக்கிறது. 'ரகின்' ரெஜினால்டில் இருக்கிறது. தென் பிரான்சில் துலூஸ் நகரப் பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். முதல் சிலுவைப் போரின் தலைவர்களில் ஒருவரும் துலூஸின் நான்காம் ரேமோன்தான்.

ஹைதராபாத் மக்களுக்கு இந்தப் பொருளெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. காதில் விழுந்ததைத் தங்களுக்குப் பழகிய பெயராக்கிக்கொண்டார்கள். புதுச்சேரித் தமிழர் 'முசியே' என்ற மரியாதைச் சொல் இங்கே மூசா ஆனது. ரேமோன், இந்துக்களுக்கு ராம், முஸ்லிம்களுக்கு ரஹீம். மூசா ராமின் தோட்டம் மூசாரம்பாக். அந்நியர் ஒருவருக்கு ஒரு நகரம் கொடுக்கக்கூடிய மரியாதையில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

ரேமோன் 1798 மார்ச் 25 அன்று காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயர்கள் அவருடைய படையைக் கலைத்துவிட்டார்கள். மலக்பேட்டை அடுத்த அஸ்மான்கட் குன்றில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதன் கல்தூணில் ஜே, ஆர் என்ற இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உப்பல் பக்கம் வருபவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள்.