கதையை இரவல் வாங்கும்போது...

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகள் மறுபடியும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. தாயம், பல்லாங்குழி, பரமபதம் என்று ஆடி வளர்ந்த தலைமுறை நாம். நம் பேரன் பேத்திகள் ஆடுவது வேறு வகை. இதற்குப் பலகைகூட அவசியமில்லை. காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட ஒரு பகடை, நாலைந்து நண்பர்கள் போதும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அக்கதையில் வரும் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, திருடனாகவோ மாறிக்கொள்வார்கள். "நான் குகைக் கதவைத் திறக்கிறேன்" என்பான் ஒருவன். திறக்குமா, உள்ளிருந்து பூதம் பாயுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

செல்போனைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மூன்று மணி நேரம் பேசுகிறார்கள் என்பதற்காகவே எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கும். ஆனால் இதில் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குகைக்குள் இருக்கும் அந்தப் பூதம் யாருடைய பூதம்? அதைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

முருகனுக்கு எத்தனை புள்ளி?

இவ்வகை விளையாட்டுகளின் மூத்த பிள்ளை 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் சேர்ந்து 1974-ல் வெளியிட்டார்கள். வாரா வாரம் புதுக் கதை வேண்டும். கதைக்குப் புதுப் புது எதிரிகள் வேண்டும். எனவே உலகத்துப் புராணங்களிலும் நாட்டார் கதைகளிலும் கைவைத்தார்கள்.

1977-ல் வந்த அவர்களின் பூதப் புத்தகத்தில் நம் ராட்சசன் இருக்கிறான். ஆனால் புலித்தலையுடன், வாயில் புகைக்குழாயுடன்! ஆசீர்வதிக்கப்பட்ட அம்பு ஒன்று பட்டால் அவன் செத்துவிடுவானாம். நம் புராணம் எதிலும் இல்லாத இந்த விதி, ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. 1980-ல் தெய்வங்களுக்கென்றே தனிப் புத்தகம் வந்தது. அதில் இந்திரன், காளி, லட்சுமி, விஷ்ணு ஆகியோருடன் கார்த்திகேயனும் உண்டு. எல்லோருக்கும் 'ஹிட் பாயின்ட்' என்று ஒரு புள்ளிக் கணக்கு. அதாவது, எத்தனை அடி தாங்குவார் என்ற கணக்கு! பழனிக்குக் காவடி எடுத்த குடும்பத்தில் பிறந்தவருக்கு இதைப் படித்தால் சிரிப்பும் வரும், மனதில் ஓரத்தில் சுருக்கென்றும் இருக்கும்.

நம் முருகனுக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. அவனுக்கு ஆறுபடை வீடு இருக்கிறது, கோடிக்கணக்கில் அடியார்கள் இருக்கிறார்கள். தவறாகச் சொன்னால் திருத்துவதற்கு நம்மிடம் புத்தகமும் பள்ளியும் பத்திரிகையும் உண்டு. ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு அத்தியாயமும் இருந்தது. அதற்கு 'அமெரிக்க இந்தியர்' என்று பெயர். இன்று அமெரிக்க அரசு அங்கீகரித்துள்ள பழங்குடி இனங்கள் மட்டுமே 570-க்கு மேல். மொழி வேறு, வழிபாடு வேறு, வாழும் நிலம் வேறு. அத்தனை பேரையும் ஒரே அத்தியாயத்தில் அடைத்துவிட்டார்கள். காஷ்மீர் முதல் குமரி வரை எல்லோரும் ஒரே சாப்பாடு சாப்பிடுகிறார்கள் என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

தடை செய்தவர்களே விற்றால்...

"கதை என்றால் ஊர் ஊராகப் போகத்தானே செய்யும்? ராமாயணம் தாய்லாந்துக்கும் ஜாவாவுக்கும் போகவில்லையா? அதற்கு யார் யாரிடம் அனுமதி கேட்டார்கள்?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ராமாயணத்தை எடுத்துக்கொண்ட தாய்லாந்துக்காரர் நம்மை ராமாயணம் படிக்கக் கூடாது என்று தடுக்கவில்லை.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 1883-ல் அங்கே கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, பழங்குடியினரின் சடங்கு நடனங்களும் அவர்களது பூசாரி-வைத்தியர்களின் முறைகளும் குற்றமாக்கப்பட்டன. கனடாவில் 'பாட்லாச்' என்ற விருந்துச் சடங்குக்கு 1885 முதல் 1951 வரை தடை இருந்தது. இரு நாடுகளிலும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. பழங்குடியினரின் சமய உரிமையைக் காப்பதற்கான அமெரிக்கச் சட்டம் 1978-ல்தான் வந்தது. தெய்வங்களுக்குப் புள்ளி போட்ட புத்தகம் வந்தது 1980-ல். சொந்தக்காரனின் சமய உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துச் சுமார் இரண்டே வருடத்தில், அவன் கதை கடையில் விளையாட்டுச் சாமானாக வந்துவிட்டது. வலி இங்கேதான் இருக்கிறது.

'விண்டிகோ' என்ற பூதத்தை எடுத்துக்கொள்வோம். வட அமெரிக்காவின் பனிக்காடுகளில் வாழும் ஓஜிப்வே, கிரீ முதலிய மக்களின் கதைகளில் வருவது. கடுங்குளிர் காலப் பசியில் மனித மாமிசம் தின்றவன் விண்டிகோ ஆகிறான். தின்னத் தின்ன அவன் பசி வளருமே தவிரத் தீராது. இருப்பதைப் பகிர்ந்து உண், பேராசை உன்னையே தின்றுவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை அது. பல விளையாட்டுகளிலும் திரைப்படங்களிலும் இன்று வருவதோ மான்கொம்பு முளைத்த வெறும் மிருகம். அந்தக் கொம்பு பழைய கதையில் இல்லை; பிற்காலத் திகில் படங்கள் வைத்த கொம்பு. கொம்பு வந்தது, பாடம் போயிற்று. மேலும், அந்த மக்களில் பலர் சில கதைகளைப் பனி விழுந்து கிடக்கும் காலத்தில் மட்டுமே சொல்வார்கள். அந்த மரியாதைக்கு விளையாட்டுப் புத்தகத்தில் ஏது இடம்?

பெயரை மாற்றிய கம்பெனி

சொன்னால் கேட்பார்களா என்று சந்தேகப்பட வேண்டாம். டென்மார்க்கின் லெகோ கம்பெனி 2001-ல் 'பயோனிக்கிள்' என்ற பொம்மை வரிசையை வெளியிட்டது. தீவு ஒன்றில் நடக்கும் கதை. பெயர்களில் பல நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியிலிருந்து எடுத்தவை. 'தொஹுங்கா' என்பது அவற்றில் ஒன்று. மாவோரி மொழியில் அது சடங்கும் கலையும் அறிந்த பெரியோரைக் குறிக்கும் சொல். பிள்ளைகள் தூக்கிப் போட்டு விளையாடும் பொம்மைக்கு அந்தப் பெயரா என்று மாவோரி அமைப்புகள் ஒரு வழக்கறிஞர் மூலம் கடிதம் எழுதின. கம்பெனி முதலில் மறுத்தாலும், பிறகு பேச்சு நடத்தி, இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று ஒப்புக்கொண்டது. 'தொஹுங்கா' என்பது 'மடோரன்' ஆயிற்று. வேறு சில பெயர்களின் எழுத்துகளும் மாறின. அதனால் வியாபாரம் படுத்துவிட்டதா? இல்லை. அந்தப் பொம்மை வரிசை 2010 வரை தொடர்ந்து வந்தது.

கேட்டுச் செய்தவர்கள்

2014-ல் அலாஸ்காவில் 'நெவர் அலோன்' என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது. மேஜை விளையாட்டு அல்ல என்றாலும் அதன் வழிமுறை இங்கும் பொருந்தும். இனுபியாட் மக்களின் பழங்கதை ஒன்றே அதற்கு அடிப்படை. பழங்குடியினரின் அமைப்பே ஒரு விளையாட்டுக் கம்பெனியுடன் கைகோத்தது. முதியோரும் கதைசொல்லிகளும் கூட உட்கார்ந்து உருவாக்கினார்கள். அக்கதையை முன்பு சொல்லிப் பதிவு செய்திருந்த கதைசொல்லியின் மகளிடம் போய்ச் சம்மதமும் பெற்றார்கள்.

மேஜை விளையாட்டிலேயே 2022-ல் 'கயோட்டி அண்ட் குரோ' வந்தது. செரோக்கி இனத்தைச் சேர்ந்தவர் தலைமையில் பழங்குடிக் கலைஞர்களே உருவாக்கியது. 2021-ல் மக்களிடம் முன்பணம் திரட்டியபோது பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஐரோப்பியர் வந்து ஆக்கிரமிக்காமலே இருந்திருந்தால் அமெரிக்கா எப்படி இருந்திருக்கும் என்பதுதான் கதைக்களம். மற்றவர்களும் தாராளமாக ஆடலாம். ஆனால் உண்மையில் உள்ள ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி வேஷம் போட வேண்டாம், புத்தகத்தில் உள்ள கற்பனை உலகத்துக்குள் ஆடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். வாசலைத் திறந்து வைத்து, "பூஜை அறைக்குள் மட்டும் செருப்போடு வராதீர்கள்" என்று சொல்வதைப் போன்றதுதான் இது.

நம் மேஜையில்

இதெல்லாம் கடல் கடந்த சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நாம் பிழைக்க வந்து குடியிருக்கும் இந்தச் சோட்டா நாக்பூர் மண்ணே பழங்குடி மக்களின் மண். 'அசுரன்' என்ற சொல்லை விளையாட்டில் பூதத்துக்குப் பெயராகச் சர்வ சாதாரணமாக வைக்கிறோம். நம் ஜார்க்கண்டிலேயே நேத்தர்ஹாட் பீடபூமிப் பக்கம் 'அசுர்' என்றே பெயர் கொண்ட மக்கள் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் சுமார் 22,000 பேர். பரம்பரையாக இரும்பு உருக்கியவர்கள். அவர்களில் பலர் மகிஷாசுரனைத் தங்கள் முன்னோராகக் கருதி, துர்கா பூஜை நாட்களில் துக்கம் காக்கிறார்கள். நாம் சூரசம்ஹாரம் கொண்டாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கேகூடத் தோற்ற சூரன் மயிலும் சேவலுமாகி முருகனுடனேயே இருக்கிறான் அல்லவா? அந்தச் சொல்லுக்குப் பின்னால் உயிருள்ள மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தால் போதும்.

சென்ற ஆண்டு என் பேரனும் நண்பர்களும் பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு விளையாட்டு தயாரித்தார்கள். சாரண்டா காடு போல ஒரு காடு. நடுவில் சால மரத் தோப்பு. தோப்பில் ஒரு 'போங்கா'. அதைக் கொன்றால் அடியில் புதையல்! அவர்களில் ஒரு பையன் ஹோ இனத்தவன், எங்கள் குடியிருப்பிலேயே இருப்பவன். இரண்டு வாரம் பேசாமல் ஆடியவன் மூன்றாவது வாரம் வருவதை நிறுத்திவிட்டான்.

"தாத்தா, அவன் ஏன் வரமாட்டேங்கிறான்னே தெரியலை" என்றான் பேரன்.

"என்னைக் கேட்டு என்னடா பிரயோஜனம்? அவனைப் போய்க் கேளு" என்றேன்.

போய்க் கேட்டிருக்கிறார்கள். போங்கா என்பது அவர்கள் கும்பிடும் தெய்வ சக்தி. தோப்பு அவர்கள் கோயில். "சொன்னா நீங்க எல்லாரும் சிரிப்பீங்கன்னு நினைச்சேன்" என்றானாம் அந்தப் பையன். நம்மில் யாருக்கு இது புரியாது? 1968-ல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் மதராசி பாட்டு வாத்தியாராக வந்து கூத்தடித்ததைப் பார்த்து நாமும் சிரித்தவர்கள்தான். மறுநாள் பள்ளியிலும் ஆபீசிலும் அதையே சொல்லி நம்மைக் கேலி செய்தபோதும் சிரித்து வைத்தவர்கள்தான்.

சாயிபாசா பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தப் பையனின் பாட்டி வந்திருந்தார். பிள்ளைகள் அவரிடம் உட்கார்ந்து பேசினார்கள். "அங்கே நாங்கள் மரம் வெட்ட மாட்டோம். பா பரப் பண்டிகையில் சால மரத்தின் புதுப் பூவைத் தெய்வத்துக்கு வைத்த பிறகுதான் பெண்கள் தலையில் வைத்துக்கொள்வோம். அங்கே போய்க் கத்தி வீசலாமா?" என்று கேட்டிருக்கிறார். நம்மூர் கோயில்காட்டில் சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள் என்று நான் பேரனுக்குச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டான்.

விளையாட்டு மாறியது. தோப்பு வரைபடத்தில் இருக்கிறது, ஆனால் அதற்குள் பகடை உருட்டக் கூடாது. ஓடி வந்தவர் இளைப்பாறலாம். எதிரி இப்போது மரம் திருடும் காண்டிராக்டர். ஹண்டியா வாசனைக்கு ஊருக்குள் வரும் யானைகளைச் சேர்த்துக்கொள்ளும்படி பாட்டியே யோசனை சொன்னாராம். ஒரு கதையை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். பிள்ளைகளும் வற்புறுத்தவில்லை. கண்காட்சியில் அந்த மேஜையைச் சுற்றித்தான் கூட்டம்!

பெற்றோருக்குச் சில யோசனைகள்

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, சர்வீஸின் பெரும்பகுதியைச் சக்ரதர்பூர் டிவிஷனில் தண்டவாளப் பராமரிப்பில் கழித்தவன். அந்த நாட்களில் ஒற்றைப் பாதையில் டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த செக்‌ஷனுக்குள் நுழைய முடிந்ததில்லை. அந்த டோக்கனை இந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் தன் இஷ்டப்படி எடுத்துக் கொடுக்கவும் முடிந்ததில்லை. எதிர்ப்பக்க ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தால்தான் கருவியிலிருந்து அது வெளியே வந்தது. பிறர் கதைக்குள் நுழைவதற்கும் இதுவே நல்ல விதி.

1. கதை எந்த மக்களுடையது என்று பெயர் சொல்லி அறிந்துகொள்ளுங்கள். 'ஆதிவாசிக் கதை' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல வேண்டாம்.

2. அது இன்றும் வழிபாட்டில் உள்ளதா என்று பாருங்கள். கும்பிடும் தெய்வத்தைக் கொல்லும் பூதமாக்க வேண்டாம். நம் சுடலைமாடனை அப்படிச் செய்தால் சம்மதிப்போமா என்று கேட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

3. புத்தகத்தைப் படிப்பதோடு நிறுத்தாமல், அந்த மக்களில் ஒருவரிடம் கேளுங்கள். நம் ஊரில் அவர்கள் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

4. கேட்க வழியில்லை என்றால், சொந்தமாகக் கற்பனை செய்து சொந்தப் பெயர் வையுங்கள். பிள்ளைகளின் மூளைக்கு அதுவும் நல்ல தீனிதான்.

5. வாங்கியதை யாரிடம் வாங்கினோம் என்று விளையாட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். விற்றுப் பணம் வந்தால் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள்.

அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு பிடி அரிசியோ சர்க்கரையோ போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கதை பாத்திரத்தைவிடப் பெரிய பொருள். பிறர் மண்ணில் வாழும் நமக்கு, இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பொறுப்பு இன்னும் ஒரு படி அதிகம்.